பழைய ரோட்டில் எட்டுப் பேர்

போன தசரா லீவுக்கு மாப்பிள்ளை காருல திருப்பதிக்குக் கெளம்பினோம். சித்தூர் தாண்டறதுக்குள்ள அவரு போனை என் பக்கம் திருப்பிக் காட்னாரு. டோல் ரோட்ல போனா இவ்ளோ நேரம், பழைய ரோட்ல போனா பதினாலு நிமிசம் கம்மி, எதுல போலாம் அத்தேன்னு கேட்டாரு. அந்த வழியில இருபத்தேழு வருசம் பஸ்ஸுல நின்னுக்கினே போய் வந்தவ நான். என்னைப் பக்கத்துல உக்கார வெச்சிக்கினு மொதல்ல போனைக் கேக்கறாரு, அப்புறம் என்னைக் கேக்கறாரு. நல்ல மனுசன்தான், அதனால கோவிச்சிக்கல.

எங்க டிப்போவுல இப்ப இருக்கற பொண்ணுங்க ஒரு மலர் போடறாங்களாம். ரிட்டயர் ஆனவங்க ஆளுக்கு ஒரு அனுபவம் எழுதிக் குடுங்கன்னு ஆறு மாசமா என் உசுர எடுத்துக்கினு இருந்தாங்க. எனக்கு என்னத்த எழுதறதுன்னு தெரியல. டிக்கெட் கிழிச்சதையா எழுதறது? மாப்பிள்ளை அந்தக் கேள்வியக் கேட்டதும் எழுத வேண்டியது எதுன்னு தெரிஞ்சி போச்சு.

என் பேரு கஸ்தூரி. நைனா நகரியில தறி ஓட்டினவரு. பொம்பளப் புள்ளைங்கள கண்டக்டரா எடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டு நான் அப்ளிகேசன் போட்டப்ப, ஊர் ஆம்பளைங்க கால மிதிச்சிக்கினு போற வேலை உனக்கு எதுக்குன்னு சத்தம் போட்டாரு. வேலை கெடைச்சதும் மொத நாள் சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, நான் ஏறின பஸ்ஸுலயே டிக்கெட் வாங்கிக்கினு உக்காந்தாரு. ட்ரெய்னிங் பதினைஞ்சி நாளுதான். அதுல கத்துக்கினது ரெண்டே விசயம். ஓடற பஸ்ஸுல கம்பியப் புடிக்காம நிக்கறது ஒண்ணு. மணி அடிக்கறது ஒண்ணு. கயிறை ஒரு தடவ இழுத்தா நிக்கணும், ரெண்டு தடவ இழுத்தா போணும். டிரைவரு திரும்பிப் பாக்க மாட்டாரு. அந்த மணிதான் அவருக்குக் கண்ணு.

மத்ததெல்லாம் எனக்குக் கத்துக் குடுத்தது எங்க கன்ட்ரோலர் ரமணய்யா சார்தான். சித்தூர் பஸ் ஸ்டாண்டுல எந்த பஸ் எத்தனை மணிக்கு எந்த வழியில போணும்னு சொல்றவரு அவரு. தெலுங்குக்காரரு, எங்ககிட்ட தமிழும் தெலுங்கும் கலந்து கட்டி அடிப்பாரு. அவருக்கு ஒரு நாற்காலி உண்டு, அதுல அவரு உக்காந்து நான் பாத்ததில்ல. காதுல பென்சில், கையில ரிஜிஸ்டர், நின்னுக்கினேதான் டீ குடிப்பாரு. யாரையும் சத்தம் போட மாட்டாரு. தப்பு பண்ணினா பக்கத்துல வந்து, "ஏம்மா, சாப்டியா?"ன்னு கேப்பாரு. சத்தம் போடறத விட எங்களுக்கு அதுதான் பயம்.

அவரு ஒரு பழக்கம் வெச்சிருந்தாரு. எந்த ரூல் புக்குலயும் அது கெடயாது. பண்டிகை, தொடர்ந்து மூணு நாள் லீவு, இந்த மாதிரி கும்பல் நாளுல பஸ் எடுக்கறதுக்கு முன்ன கண்டக்டர் ஒவ்வொரு சீட்டா போய், "உங்களுக்கு டைம் இருக்கா?"ன்னு கேக்கணும். டைம் இருக்கான்னா ரயிலு, ஆஸ்பத்திரி, முகூர்த்தம், பரீட்சைன்னு இத்தன மணிக்குள்ள போயே ஆவணும்ங்கற ஆளு யாருன்னு அர்த்தம். கேட்டுக்கினு வந்து டிரைவருகிட்ட ஒரு தடவ, அவருகிட்ட ஒரு தடவ சொல்லணும். அவரு பென்சிலால ரிஜிஸ்டர் ஓரத்துல குறிச்சிப்பாரு. பஸ்ஸுல அம்பது பேரு இருக்காங்கன்னு சொல்லாதே, யாரு இருக்காங்கன்னு சொல்லுன்னுவாரு. புதுசுல இதென்னடா ரோதனைன்னு நான் முணுமுணுத்திருக்கேன்.

டோல் கேட் வந்த புதுசு அது. தசரா, சனி ஞாயிறு திங்கள் மூணு நாள் லீவு. ஞாயித்துக்கெழம காலைல ஆறரை மணி எக்ஸ்பிரஸ் என்னோடது. திருப்பதியில இருந்து வர வேண்டிய பஸ் கும்பல்ல மாட்டிக்கினு லேட்டா வந்து சேந்ததுல ஏழு மணிக்குத்தான் எடுத்தோம். டிரைவர் முனிரத்தினம் அண்ணன். என்னை விட ரெண்டு வருசம் சீனியரு, வாயில எப்பவும் கிராம்பு, தேவையில்லாம ஒரு வார்த்தை பேச மாட்டாரு.

நான் சீட்டு சீட்டா டைம் கேட்டுக்கினு போனேன். ஒரு பெரியவருக்கு பத்தே காலுக்கு மெட்ராஸ் ரயிலு. பின்னாடி ஜன்னலோரம் ஒரு பொண்ணு, முப்பத்தஞ்சு வயசு இருக்கும், மடியில பரீட்சை அட்டையும் கண்ணாடிக் கவருல ஹால் டிக்கெட்டும் வெச்சிக்கினு உக்காந்திருந்தா. பேரு செல்வி. கங்காதர நெல்லூர்க்காரி. சித்தூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில நர்ஸு. அன்னைக்கு திருப்பதியில கவர்மென்ட் நர்ஸ் வேலைக்குப் பரீட்சை. ஒம்பதரைக்கு கேட்ட மூடிடுவாங்க, ஒரு நிமிசம் பிந்தினாலும் உள்ள விட மாட்டாங்க. ஏம்மா நேத்தே போய் தங்கியிருக்கலாமேன்னு கேட்டேன். நேத்து நைட் டியூட்டிக்கா, லீவு குடுக்கலன்னா. அப்புறம் மெதுவா சொன்னா, "அடுத்த மாசத்தோட எனக்கு வயசு தாண்டிடுது. இதான் கடைசி."

நானும் வயசு தாண்டறதுக்கு நாலு மாசம் இருக்கறப்ப வேலைக்கு வந்தவதான். ரமணய்யா சார்கிட்ட சொன்னேன். அவரு பென்சில எடுத்துக் குறிச்சிக்கினு, "ஒம்பதரை"ன்னு ஒரு தடவ சொல்லிப் பாத்துக்கினாரு.

புத்தலப்பட்டு வரைக்கும் நல்லாத்தான் போனோம். அதத் தாண்டினதும் எதிர்ல வந்த எங்க டிப்போ பஸ் டிரைவரு லைட்ட ரெண்டு தடவ போட்டு, கைய வெளிய நீட்டி அஞ்சு வெரலையும் கூட்டிக் காட்னாரு. டோல் கேட்டுல அடைச்சிக்கினு இருக்குதுன்னு அர்த்தம். முனிரத்தினம் அண்ணன் பழைய ரோடு பிரியற எடத்துல ஓரங்கட்டி நிறுத்தினாரு. தூரத்துல பாத்தா வண்டிங்க வரிசை கண்ணுக்கு எட்ற வரைக்கும் நிக்குது. அவ்ளோ பேரும் கர்நாடகா, தமிழ்நாடு காருங்க. பஸ்ஸுக்குன்னு தனி வழி கெடயாது.

எக்ஸ்பிரஸ் பஸ் வழி மாறணும்னா கன்ட்ரோலர கேக்கணும். கேட்டுட்டு மாறின காரணத்த எழுதி டிரைவரும் கண்டக்டரும் கையெழுத்துப் போடணும். நான் போன் போட்டேன். ரமணய்யா சார் மொதல்ல மணி என்னன்னு கேட்டாரு. ஏழு அம்பதுன்னேன். அப்புறம் அவரு சொன்னது எனக்கு வார்த்தை மாறாம ஞாபகம் இருக்குது.

"இதப் பாரும்மா. பழைய ரோட்ல போற பஸ் நாலையும் நான்தான் திருமலை கும்பலுக்கு ஸ்பெசலா அனுப்பி வெச்சேன். அந்த ஊருங்கள்ல ஜனம் காலைலருந்து நின்னுக்கினு இருக்கும். அவங்க ரோட்ல போனா அவங்க கை காட்னா நிறுத்தணும். முடியாதுன்னா டோல் லைன்லயே நில்லு. ரெண்டும் சரிதான். வண்டியில இருக்கறவங்க நீங்க, நீங்களே முடிவு பண்ணுங்க."

முனிரத்தினம் அண்ணன் கிராம்ப மென்னுக்கினே, டோல் லைன்ல நின்னா ஒரு மணி நேரம், அதுல சந்தேகமே இல்ல, பழைய ரோடுன்னா நம்ம கையில கொஞ்சமாச்சும் இருக்குதுன்னாரு. நானும் தலைய ஆட்னேன். எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பெருமை வேற. வெளியூர் காருக்காரனுக்கு இந்த ரோடு தெரியாது, சித்தூர்க்காரங்களுக்குத்தான் தெரியும்னு. ரெண்டு மைலு போனதும் அந்தப் பெருமை வடிஞ்சி போச்சு. சித்தூர்க்காரங்க அத்தன பேரும் அதயேதான் நெனச்சிருக்காங்க. நம்ம ஊரு காரு, ஆட்டோ, கல்யாண வேன், மாட்டுத் தீவனம் ஏத்தின டிராக்டரு, எல்லாம் முன்னாடி போய்க்கினு இருக்குது.

மொத ஸ்டாப்புல ஒரு கும்பல் கை காட்டுச்சு, நிறுத்தினோம். வாழ இலைக் கட்டு, பூக்கூடை, கொழந்தைங்க, எல்லாம் ஏறி முடிக்க நாலஞ்சு நிமிசம். ரெண்டாவது ஸ்டாப்புலயும் அதே கத. ஒரு அம்மா பாதி ஏறிட்டு, பின்னாடி வர்ற வூட்டுக்காரர கூப்ட்டுக்கினு படியிலயே நின்னுச்சு. நான் டிக்கெட் குடுத்துக்கினே செல்வியப் பாத்தேன். அவ மணியப் பாக்கல. வாய்க்குள்ள எதையோ படிச்சிக்கினு இருந்தா. அவ மணியப் பாத்திருந்தாகூட எனக்கு அவ்ளோ பதட்டம் வந்திருக்காது.

மணி எட்டு முப்பத்தஞ்சு. மூணாவது ஸ்டாப் வந்துச்சு. புளிய மரத்தடியில எட்டுப் பேரு. எண்ணி எட்டுப் பேரு. அத்தன பேரும் கைய நீட்டிக்கினு ரோட்டு மேலயே வந்துட்டாங்க. முனிரத்தினம் அண்ணன் வேகத்தக் கொறைச்சாரு. நான் கயிறப் புடிச்சேன். இன்னும் அஞ்சு நிமிசம் போனா அந்தப் பொண்ணு கதை முடிஞ்சிதுன்னு தோணுச்சு. ரெண்டு தடவ இழுத்தேன்.

அண்ணன் ஒரு நொடி தயங்கினாரு, அது எனக்குத் தெரிஞ்சுது. ஆனா மணி மணிதான். கியர மாத்தி எடுத்தாரு. ஜன்னல் வழியா எட்டு மொகமும் பின்னாடி போச்சு. நான் வேற பக்கம் திரும்பிக்கினு சில்லறை எண்ணற மாதிரி பாவ்லா காட்னேன். என் சர்வீஸுல அந்த மாதிரி நான் வெக்கப்பட்டதில்ல.

அப்ப செல்வி சீட்டுல இருந்து எழுந்து நின்னுட்டா. "அக்கா, நிறுத்துங்க. அந்தம்மா கையில இருக்கறது ஹால் டிக்கெட்டு."

குனிஞ்சி பின் கண்ணாடி வழியாப் பாத்தேன். நீலச் சேலையில ஒரு பொம்பள, கையில அதே மாதிரி அட்டை, அதே மாதிரி கண்ணாடிக் கவரு, செருப்பக் கழட்டிக் கையில புடிச்சிக்கினு பஸ் பின்னாடி ஓடி வந்துக்கினு இருந்தா. நான் மரம் மாதிரி நின்னேன். உனக்குத்தாம்மா லேட்டாவுதுன்னு செல்விகிட்ட சொன்னேன்னு நெனக்கறேன். அவ எட்டி என் கையப் புடிச்சி கயித்து மேல வெச்சா. நான் இழுத்தேன். ஒரு தடவ.

பஸ் நின்னுது. எட்டுப் பேரும் ஓடி வந்து ஏறினாங்க. நீலச் சேலைக்காரி பேரு சுஜாதா. காலைல ஆறு மணிக்கு வந்து நின்னவளாம், வர வேண்டிய பஸ் வரல, கேட்டவங்கெல்லாம் திருமலைக்குப் போயிடுச்சுன்னாங்களாம். மூச்சு வாங்கிக்கினே என் ரெண்டு கையையும் புடிச்சிக்கினு, "தேவுடு லாகா ஒச்சினாரம்மா"ன்னா. சாமி மாதிரி வந்தேனாம். ரெண்டு பெல்லு அடிச்சவளப் பாத்து அவ அப்டி சொன்னதும் எனக்கு மொகத்த எங்க வெச்சிக்கறதுன்னே தெரியல. செல்வி நகந்து எடம் குடுத்து அவள உக்கார வெச்சி, தன் பாட்டல்ல இருந்து தண்ணி குடுத்தா.

அதுக்கப்புறம் நான் செஞ்சது ஒண்ணுதான். பஸ்ஸு நடுவுல நின்னு உள்ளதச் சொன்னேன். ரெண்டு பேருக்கு ஒம்பதரைக்குப் பரீட்சை, இனிமே ஏறறவங்க எறங்கறவங்க கொஞ்சம் சுருக்கா பண்ணுங்கன்னு. ஜனம்னா ஜனம்தான். அதுக்கு மேல ரெண்டு எடத்துல நிறுத்தினோம், ஒரு நிமிசம் ஆவல. கூடையெல்லாம் கைக்குக் கை மாறி ஜன்னல் வழியா உள்ள வந்துச்சு. காலேஜ் பையனுங்க ரெண்டு பேரு எறங்கி, முன்னாடி இருந்த டிராக்டர ஓரங்கட்ட வெச்சிட்டு ஓடி வந்து ஏறிக்கினாங்க. டோல் கேட்டத் தாண்டி பெரிய ரோட்ல ஏறி சந்திரகிரி வர்றப்ப ஒம்பது பத்து.

பரீட்சை நடக்கற காலேஜ் பஸ் ஸ்டாண்டுக்குப் போற வழியில இல்ல. ரோட்ட விட்டு ஒரு கிலோமீட்டர் உள்ள போணும். எக்ஸ்பிரஸ் அங்கெல்லாம் போகக் கூடாது. ஆட்டோ புடிச்சிப் போவட்டும்னா அந்தக் கும்பல்ல ஆட்டோ எங்க கெடைக்கும்? ரயிலுக்குப் போற பெரியவரத்தான் கேட்டேன், அவருக்குத்தான் டைம். அவரு மூஞ்ச சுளிச்சிக்கினு, என் ரயில் போச்சுன்னா உன் மேல எழுதிக் குடுப்பேன்னாரு. எழுதிக் குடுங்க சார்னேன். சரி திருப்புன்னாரு. சொன்ன மாதிரியே எழுதியும் குடுத்தாரு. ரயிலயும் புடிச்சாரு.

ஒம்பது இருவத்தாறுக்கு காலேஜ் கேட்டு முன்னால நிறுத்தினோம். ரெண்டு பேரும் எறங்கி ஓடினாங்க. சுஜாதாவுக்கு ஒரு செருப்புதான் காலுல இருந்துச்சு, இன்னொண்ண எங்கயோ வுட்டுட்டா. அவ அட்டையையும் சேத்துப் புடிச்சிக்கினு செல்வி முன்னாடி ஓடினா. கேட்டு வாசல்ல திரும்பி ஒரு கைய மட்டும் தூக்கிக் காட்னா. உள்ள போனதப் பாத்துட்டுத்தான் முனிரத்தினம் அண்ணன் பஸ்ஸ எடுத்தாரு. அன்னைக்கு முழுக்க அவரு பேசினது ஒரே வார்த்தை. "கண்ணத் தொடைச்சிக்கம்மா."

நாலாம் நாளு மெமோ வந்துச்சு. பெரியவரு எழுதின கம்ப்ளெய்ன்ட்தான். வழி மாறினது, காலேஜுக்குள்ள போனது, ஸ்டாப்புல நிறுத்தாம தாண்டிப் போய் நிறுத்தினது, ஒண்ணு விடாம எழுதியிருந்தாரு. நான் எழுதிக் குடுத்த காரணத்துல அந்தக் கடைசி விசயம் இல்ல. முனிரத்தினம் அண்ணனும் வாய் தெறக்கல. ரமணய்யா சார் ரிஜிஸ்டர எடுத்துக்கினு எங்கிட்ட வந்தாரு.

"ஏம்மா, சாப்டியா?"

போச்சுடான்னு நெனச்சேன். சாப்ட்டேன் சார்னேன். மூணாவது ஸ்டாப்புல என்ன நடந்துச்சுன்னு கேட்டாரு. சொன்னேன். ரெண்டு பெல்லு அடிச்சதையும் சொன்னேன், யாரு நிறுத்த வெச்சதுன்னும் சொன்னேன். அவரு ரிஜிஸ்டர என் முன்னாடி விரிச்சாரு. அப்புறம் காதுல இருந்த பென்சில எடுத்து என் கையில குடுத்தாரு.

"அதையும் எழுதும்மா. நீ ஒரு ஆளு டைமக் கேட்டுக்கினு போன. வெளிய நிக்கறவங்களுக்கும் டைம் இருக்கும்ல. அவங்கள யாரு கேக்கறது?"

எழுதினேன். கை காட்டியவர்களைத் தாண்டிப் போனேன், ஒரு பயணி சொல்லி நிறுத்தினேன்னு, கீழ கையெழுத்தும் போட்டேன். அதுக்குக் கீழ அவரு தன் கையால ரெண்டு வரி எழுதினாரு. பழைய ரோட்டு பஸ்ஸ எல்லாம் எடுத்தது நான், வழி மாற அனுமதி குடுத்தது நான், தப்பு மொதல்ல என்னோடதுன்னு. காலேஜுக்குப் போனதையும் தன் தலையிலயே போட்டுக்கினாரு. எனக்கு எச்சரிக்கையோட விட்டாங்க. அவருக்கும் ஒரு மெமோ வந்துச்சு, ரிட்டயர் ஆவறதுக்கு ஒரு வருசம் இருக்கறப்ப. அத நாலா மடிச்சி சட்டப் பையில வெச்சிக்கினு டீ குடிக்கப் போனாரு, நின்னுக்கினே. அடுத்த பண்டிகையில இருந்து பழைய ரோட்டுக்கு ஒரு பஸ்ஸாவது விட்டு வெச்சிட்டுத்தான் மீதிய ஸ்பெசலுக்கு அனுப்பினாரு. அந்த மனுசன் இப்ப இல்ல. இருந்திருந்தா இத அவருகிட்டதான் மொதல்ல படிச்சிக் காட்டியிருப்பேன்.

ரிசல்ட்டு வந்துச்சு. சுஜாதாவுக்கு வேலை கெடைச்சிடுச்சு. செல்விக்குக் கெடைக்கல, கொஞ்ச மார்க்குல போயிடுச்சு. அத சொல்றதுக்குன்னே ஒரு நாள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தா. எனக்கு மனசு ஆறல. நிறுத்தாம போயிருந்தா நிதானமா போய் உக்காந்து எழுதியிருப்பியேடின்னு அழுதுட்டேன். அவதான் என்னைத் தேத்தினா. "நிறுத்தாம போயிருந்தா என்னால எழுதவே முடிஞ்சிருக்காதுக்கா. பேப்பர்ல அவங்க ஓடி வந்ததுதான் தெரிஞ்சிருக்கும்"னா. இப்ப ஸ்ரீசிட்டியில ஒரு கம்பெனியில நர்ஸா இருக்கா, நல்லாத்தான் இருக்கா. ஒவ்வொரு தசராவுக்கும் போன் பண்ணுவா. சுஜாதாவும் பண்ணுவா. அந்த ரெண்டு பெல்லுக்கதை சுஜாதாவுக்கு இன்னும் தெரியாது. இத இந்த மலர்ல படிச்சித்தான் தெரிஞ்சிக்கணும். மன்னிச்சிடு சுஜாதா.

இருபத்தேழு வருசத்துல எத்தனையோ பேருக்கு டிக்கெட் குடுத்திருக்கேன். எனக்குக் குடுத்தவ செல்விதான். அவ என் கையப் புடிச்சி கயித்து மேல வெக்கலன்னா, ரிட்டயர் ஆன இந்த நாளுலயும் அந்த எட்டு மொகத்தோடதான் நான் தூங்கப் போயிருப்பேன். அந்தக் கடனெல்லாம் தீக்க முடியாது, நல்லா இருன்னு நெனச்சிக்கலாம், அவ்ளோதான்.

மாப்பிள்ளைகிட்ட பழைய ரோட்லயே போங்கன்னேன். பதினாலு நிமிசம் லாபம்னு அவருக்கு ஒரே சந்தோசம். எம்பொண்ணு பின்னாடி சீட்டுல தூங்கிக்கினு இருந்தா. அந்தப் புளிய மரத்தடியில இப்ப பஸ்ஸுக்கு நிக்க ஒரு செட்டு போட்டுட்டாங்க. அங்க புருசனும் பொண்டாட்டியும் ஒரு பையோட நின்னு கை காட்னாங்க. மாப்பிள்ளை போனைப் பாத்துக்கினே வேகமா போய்க்கினு இருந்தாரு. நான் காரு முன் பலகையில ஒரு தடவ தட்டினேன்.

அவரு பதறிப் போய் பிரேக் போட்டு, "என்னத்தே, என்னாச்சு?"ன்னாரு. ஒண்ணுமில்ல, எடம் இருக்குதுல்லன்னேன். அந்த ரெண்டு பேரும் ஓடி வந்து பின்னாடி ஏறினாங்க. பொண்ணு கண்ண முழிச்சி ஒதுங்கி உக்காந்தா. நான் திரும்பி, "உங்களுக்கு டைம் இருக்குதாம்மா?"ன்னு கேட்டேன். பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியில டாக்டரப் பாக்கணும்னு அந்தம்மா சொன்னாங்க.

ரெண்டு தடவ தட்டினேன். மாப்பிள்ளைக்குப் புரிஞ்சிடுச்சு, வண்டிய எடுத்தாரு.